யூடியூப் அண்ணன்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்: புதிதாக இறங்கும் பெற்றோருக்கு

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு அண்ணன் இருக்கிறார். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசிதான் அவர் இருப்பிடம். "அப்பா, இந்தக் கணக்கை இப்படிப் போடக் கூடாதாம். அண்ணா சொன்னாரு" என்பாள், ஒன்பதாவது படிக்கும் மகள். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் சார், மிஸ். திரைக்குள் இருப்பவர்கள் அண்ணா, அக்கா. சார் பாடம் புரியவில்லை என்று வீட்டில் வந்து குறை சொல்லலாம். அண்ணன் விஷயத்தில் அப்படியெல்லாம் பேச்சே கிடையாது. ஒருநாள் அந்த அண்ணன், "புது பேட்ச் ஆரம்பிக்கிறோம், இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான் இந்த விலை" என்றார். மகள் என்னைப் பார்த்தாள்.

இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்தாம் வகுப்பில் எனக்கு விளங்காத முக்கோணவியலை நாற்பது வயதுக்கு மேல் விளங்க வைத்ததே ஒரு யூடியூப் அண்ணன்தான். ஆனால் பாடமும் விலையும் ஒரே வாயிலிருந்து வரும்போது, இது பாடம், இது வியாபாரம் என்று பிரித்துப் பார்ப்பது பிள்ளையால் ஆகிற காரியமில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். எப்படி என்று நான் தட்டுத்தடுமாறிக் கற்றதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் உட்கார்ந்து பாருங்கள்

பிள்ளையின் யூடியூபில் 'ஹிஸ்டரி' என்ற பகுதியைத் திறந்தால் ஒரு மாதம் என்ன ஓடியது என்று தெரிந்துவிடும். பிள்ளைக்குத் தெரியாமல் திறக்காதீர்கள். "உன் அண்ணா யாரு, எனக்கும் காட்டு" என்று கேட்டு, ஒரு முழு வீடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதை ஓட்டி ஓட்டிப் பார்க்கக் கூடாது.

பார்க்கும்போதே ரகம் பிரியும். சிலர் பாடம் மட்டும் நடத்துவார்கள். பெரும்பாலும் பள்ளியிலோ ட்யூஷனிலோ வேலை பார்ப்பவர்கள், பின்னால் கரும்பலகை, குரலில் கொஞ்சம் களைப்பு. சிலர் ஒரு நிறுவனத்தின் முகமாக நடத்துவார்கள். இன்னொரு ரகம் பாடமே நடத்தாது: காலை நான்கு மணிக்கு எழுந்து மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பதைக் காட்டும் 'ஸ்டடி வ்லாக்', சென்டம் வாங்கிய மாணவரின் பேட்டி, "நீ ஜெயிப்ப தம்பி" என்று இசையோடு வரும் ரீல்ஸ். அரை மணி நேரம் இவற்றைப் பார்த்துவிட்டு, படித்து முடித்த திருப்தியோடு பிள்ளை எழுந்து போகும். இதைப் படிப்பு நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

நாலாவது ரகம் நம்மைக் குறிவைத்து வருவது. அபாகஸ், ஃபோனிக்ஸ், கையெழுத்து, கோடிங் என்று தன் பிள்ளையை வைத்துக் காட்டும் அம்மாக்களின் பக்கங்கள். "என் பையன் மூணே மாசத்துல..." என்று தொடங்கும். அந்த மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பையன் எப்படி இருந்தான் என்று நமக்குத் தெரியாது. பதிவின் அடியில் ஒரு கூப்பன் எண் இருந்தால், நாம் சேரும்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு பங்கு போக வாய்ப்பு அதிகம்.

2. பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

இலவசமாகப் பாடம் நடத்துகிறவர் எப்படிச் சாப்பிடுகிறார்? இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. யூடியூப் விளம்பரம், நிறுவனங்களின் விளம்பரப் பணம், சொந்த கோர்ஸ். பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

சொந்த கோர்ஸ் வழிக்கு இந்தியாவில் பெரிய உதாரணம் பிசிக்ஸ்வாலா. அலகாபாத்தைச் சேர்ந்த அலக் பாண்டே 2016 வாக்கில் யூடியூபில் இயற்பியல் நடத்தத் தொடங்கினார். 2020-ல் செயலி வந்தது. 2022-ல் நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. இதில் மறைவு ஒன்றும் இல்லை. இலவச வீடியோ என்பது கடைவாசலில் வைத்த மாதிரிப் பண்டம். ருசித்துப் பார்த்துவிட்டு உள்ளே வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வாசலில் நிற்கிறோம் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவர் பொருளைப் பரிந்துரைக்கும்போது சட்டம் குறுக்கே வருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படியும், 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படியும், பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு பரிந்துரைக்கும் இன்ஃப்ளூயன்சர் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும்; கீழே உள்ள குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. யூடியூபிலும் பணம் பெற்ற விளம்பரம் உள்ளது என்ற சின்னப் பட்டை முதல் சில நொடிகள் தெரியும், வீடியோ போட்டவர் அதை ஒழுங்காகக் குறித்திருந்தால். சொந்த கோர்ஸை விற்பவருக்கு இந்தப் பட்டை வராது. அதனால் பட்டை இல்லை என்பதை வைத்து விற்பனை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டாப்பர் படங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரே மாணவரின் படம் மூன்று மையங்களின் போஸ்டரில் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். யு.பி.எஸ்.சி. பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டபோது வெளியே வந்த சங்கதி இது: படத்தில் இருந்த பலர் அந்த மையத்தில் நேர்முகத் தேர்வுக்கான வழிகாட்டலுக்கு மட்டுமே போயிருந்தார்கள். 2024 நவம்பரில் வந்த விதிகளின்படி, அந்த மாணவர் என்ன கோர்ஸ் படித்தார், எத்தனை நாள், காசு கட்டியா இல்லையா என்பதையும் விளம்பரத்தில் போட வேண்டும்.

2020-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிறு பிள்ளைகளுக்கு கோடிங் கற்றுத்தருவதாக வந்த வைட்ஹேட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில் வுல்ஃப் குப்தா என்று ஒரு பையன் வருவான். கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம். ஒரு விளம்பரத்தில் அவனுக்கு 9 வயது, இன்னொன்றில் 13. சம்பளமும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். அப்படி ஒரு பையனே கிடையாது, கற்பனை. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் தலையிட்ட பிறகு அந்த நிறுவனத்தின் சில விளம்பரங்கள் விலக்கப்பட்டன. அதற்குள் எத்தனை வீட்டில் "அந்தப் பையனைப் பாரு" என்று பேச்சு நடந்திருக்குமோ.

3. நோட்டுப் பரீட்சை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மற்றதை மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

2013-ல் அமெரிக்காவில் ஷானா கார்ப்பென்டர் என்ற உளவியல் ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். மூவண்ணப் பூனைகள் ஏன் அநேகமாகப் பெண்ணாகவே இருக்கின்றன என்ற மரபணுப் பாடம். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமான வீடியோ, இரண்டு விதமாக எடுத்தது. ஒன்றில் ஆசிரியை நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தங்குதடையின்றிப் பேசுகிறார். இன்னொன்றில் அதே ஆசிரியை, அதே சொற்களைக் குனிந்து தாளைப் பார்த்துத் திக்கித்திக்கி வாசிக்கிறார். முதல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று நம்பினார்கள். எழுதச் சொன்னபோது இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எழுதியது.

நம் அண்ணன்கள் எல்லாரும் முதல் ரகம். துள்ளலாகப் பேசுவார்கள், சினிமா வசனம் சொல்வார்கள், ஃபார்முலாவுக்குப் பாட்டுக் கட்டுவார்கள். அதனால் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பிள்ளை மனதாரப் "புரிஞ்சுது" என்றுதான் சொல்லும். அது பொய்யும் இல்லை. ஆனால் பார்க்கும்போது புரிவது வேறு, பேனா பிடிக்கும்போது வருவது வேறு.

ஆகவே வீடியோ முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தில் அந்தப் பாடத்தின் பின்பக்கத்திலிருந்து இரண்டு புக் பேக் கேள்விகளை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். வீடியோவில் போட்டுக் காட்டிய கணக்கைக் கொடுக்கக் கூடாது. பத்து நிமிடம். எழுதிவிட்டால் அந்த வீடியோ உதவியிருக்கிறது. எழுத வரவில்லை என்றால் திட்டாமல், எந்த வரியில் நின்றது என்று மட்டும் கேளுங்கள். வீடியோவில் அந்த இடத்துக்குத் திரும்பப் போனால் போதும், முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடை புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது.

இதை ஒரு மாதம் செய்துவிட்டு எந்த சேனலுக்குப் பிறகு எத்தனை சரி என்று எண்ணிப் பார்த்தேன். மகள் உயிராக நினைத்த அண்ணன் மூன்றாவது இடத்துக்குப் போனார். கேமராவைக்கூடப் பார்க்காமல், வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக்கொண்டே மெதுவாகப் பேசும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முதலிடம். அவருக்குப் பார்வையாளர்கள் சில நூறு பேர்தான்.

நீளத்தையும் கவனியுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் ஏறக்குறைய 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-ல் வந்த கட்டுரை, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஆறு நிமிடத்துக்கு மேல் ஒன்றி நிற்பது அரிது என்றது. மூன்று மணி நேர 'மாரத்தான்' வீடியோவைப் பிள்ளை பார்க்கிறது என்றால் நடுநடுவே நிறுத்தி எழுத வையுங்கள்.

4. பாடத்திட்டம், மீடியம், வருடம்

சமச்சீரா சி.பி.எஸ்.இ.யா, தமிழ் வழியா ஆங்கில வழியா என்று பார்க்கச் சொல்லத் தேவையில்லை. பலர் கோட்டை விடுவது வருடத்தில். தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு 2018-லும், மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டுமாகப் புத்தகங்கள் மாறின. அதற்கு முந்தைய பாடங்கள் இன்னும் தேடலில் மேலே வந்து நிற்கின்றன. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதற்கான பழைய பயமுறுத்தல் வீடியோக்கள் மட்டும் அப்படியே உலவுகின்றன.

5. காசு கட்டும் முன் வீட்டில் இருப்பதைத் திறங்கள்

பாடப்புத்தகத்தில் 'விரைவுத் துலங்கல் குறியீடு' என்று ஒரு கட்டம் இருக்கும். பயப்பட வேண்டாம், கியூஆர் கோடுதான். அதை திக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. 2023-ல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் 6 முதல் 12 வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் அசைபட விளக்கங்கள் இருக்கின்றன. வள்ளுவரிடம் எடுத்த பெயர்.

இவற்றில் துள்ளல் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை கொட்டாவி விடும். ஆனால் நோட்டுப் பரீட்சையை இதற்கும் வைத்துப் பாருங்கள். யாரும் உங்கள் எண்ணைக் கேட்டுக் கூப்பிட மாட்டார்கள் என்பது கூடுதல் நிம்மதி.

6. கருவியை ஒழுங்கு செய்யுங்கள்

உங்கள் கணக்கிலேயே பிள்ளை பார்த்தால் உங்கள் சினிமாப் பாட்டும் அதன் பாடமும் குழம்பி, இருவருக்கும் குப்பையாக வரும். தனிக் கணக்கு தொடங்குங்கள். 13 வயதுக்குக் கீழ் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாக, உங்கள் மேற்பார்வையில். ஆட்டோபிளேயை அணையுங்கள். முடிந்தால் டிவியில் போடுங்கள்; கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும், கண்ணுக்கும் நல்லது.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். "நோட்ஸ் வேணும்னா குரூப்ல சேருங்க" என்பார்கள். வாட்ஸ்அப் குழு என்றால் பிள்ளையின் எண் முன்பின் தெரியாத பலருக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் தனியாகச் செய்தி அனுப்பலாம். கட்டாயம் என்றால் உங்கள் எண்ணில் நீங்கள் சேர்ந்து, நோட்ஸை இறக்கிக் கொடுங்கள்.

7. டெமோ கிளாஸ் என்னும் பொறி

நான் விழுந்த குழி இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இலவச நோட்ஸுக்காக மகள் என் எண்ணை ஒரு படிவத்தில் கொடுத்தாள். இருபது நிமிடத்தில் அழைப்பு. 'கவுன்சிலர்' என்று அறிமுகம் செய்துகொண்ட பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை டெமோ, அப்பா அம்மா இருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். ஏன் இருவரும்? "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நான் நழுவ முடியாமல் இருக்கத்தான். அது பிறகுதான் உறைத்தது.

பத்துக் கேள்வி, பதினைந்து நிமிடம். மகள் நான்குதான் சரியாகப் போட்டாள். "சார், பொண்ணு பிரைட். ஆனா ஃபவுண்டேஷன் வீக்கா இருக்கு" என்றார். மகள் முகம் சுருங்கிவிட்டது. 42,000 ரூபாய் என்றார். நான் யோசிக்கவும், "மேனேஜர்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்று போய்விட்டு வந்து 29,000 என்றார், இன்று மட்டும். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "பொண்ணோட ஃப்யூச்சர் விஷயத்துல ஒரு நாள் தள்ளிப் போடுவீங்களா சார்?" என்று கேட்டார். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன்.

மறுநாள் அந்தக் கேள்விகளை எதிர்வீட்டுக் கணக்கு டீச்சரிடம் காட்டினேன். மூன்று கேள்விகள் பத்தாம் வகுப்புப் பாடம். "ஒன்பதாவது பிள்ளைக்கு இது எப்படிங்க தெரியும்?" என்று சிரித்தார். முன்பணம் திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. மகளுக்குக் கணக்கு வராது என்று அவளே நம்பியதைச் சரிசெய்ய அதைவிட அதிக நாள் ஆயிற்று.

எனவே டெமோவுக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் பரிசோதனைக் கேள்விகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விலை பேசும் நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம். "எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, ஒரு வாரத்துல சொல்றேன்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எழுதி அனுப்பத் தயங்கினால் விஷயம் முடிந்தது.

8. கட்டுவது என்று முடிவானால்

மாதாமாதம் கட்டும் வசதி இருந்தால் அதை எடுங்கள். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகைதான். மூன்று வருடம் அந்த நிறுவனம் இருக்க வேண்டுமே. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்ட பைஜூஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

"இ.எம்.ஐ. தானே" என்று லேசாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் ஏதோ ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். கோர்ஸை நிறுத்தினாலும் கடன் தானாக நிற்காது. தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண் குறையும். ஆதார், பான், ஓ.டி.பி. கேட்கிறார்கள் என்றால் கடன் பத்திரம் தயாராகிறது என்று பொருள். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு விடுத்த அறிவுரையிலேயே, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், தெரியாமல் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றிக் கதைகளைச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள் என்று இருக்கிறது. அப்படித் தானாகப் பணம் எடுக்க ஏற்கெனவே 'ஆட்டோபே' கொடுத்துவிட்டீர்களா? உங்கள் யு.பி.ஐ. செயலியில் அதற்கென்று உள்ள பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம்.

9. ஏமாந்தால்

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. போலி லிங்க்கில் பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930.

10. மார்ச் மாதத்துக்குத் தனி விதி

பொதுத்தேர்வு நெருங்கும்போது அண்ணன்களின் குரலே மாறிவிடும். "இந்த 10 கேள்வி கன்ஃபார்ம்" என்று ஒருவர், "இதைப் பார்க்காம எக்ஸாமுக்குப் போகாதே" என்று இன்னொருவர். முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு லைவ். பக்கத்தில் ஓடும் அரட்டையில் ஆயிரம் பிள்ளைகள் "பயமா இருக்கு அண்ணா" என்று எழுதிக்கொண்டிருக்கும். டெலிகிராமில் வினாத்தாள் கிடைக்கும் என்று காசு கேட்பவர்கள் கிளம்புவதும் அப்போதுதான். அதை வாங்குவது மட்டுமல்ல, பிறருக்கு அனுப்பினாலும் சிக்கல் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்கள் தெருவில் போன வருடம் பத்தாவது எழுதிய பையன் ஒருவனின் அம்மா செய்ததை நானும் அடுத்த வருடம் செய்வதாக இருக்கிறேன். தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு இட்லித் தட்டோடு பையனிடமிருந்து கைப்பேசியையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "கடைசியா அண்ணா என்ன சொல்றாருன்னு மட்டும் பாத்துட்டுத் தர்றேன்மா" என்று கெஞ்சினானாம். "ஹால் டிக்கெட் எங்க வச்சிருக்கே, அதை முதல்ல காட்டு" என்றாராம் அவர். அதைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.